‘ங்ங்ங்...’ கிடாரும் கண்மாய்க்கரை மேடையும்!

மதுரைக்கு வந்திருக்கீங்களா பாஸ்? வந்திருந்தா, உங்க ரூட்டை நானே சொல்லிடுறேன். ஸ்டேஷன்ல இறங்கி, டவுன்ஹால் ரோடு வழியா நேரா நடை... மீனாட்சி அம்மன் கோயில். ஆயிரங்கால் மண்டபத்துல நின்னு, ‘ஆயிரம் எல்லாம் இல்லையாம், 985 தானாம்’னு பக்கத்துல இருக்கறவருக்கு ஒரு தகவல். வடக்கு ஆடி வீதியில இசைத்தூண். ஒரே கல்லுல செதுக்கின 22 குட்டித் தூண் சேர்ந்தது ஒரு தூண். அப்படி அஞ்சு இருக்கு. அப்புறம் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. ராத்திரிக்குக் கறிதோசை. மறுநாள் ரயில். சரியா?

தப்பே இல்லை. ஆனா, கல்லுலயே ஸ்வரம் எடுத்த ஊர்ல, ஒரு கரன்ட் கிடார்ல இருந்து ஒழுங்கா ஒரு ஸ்வரம் எடுக்க நான் பட்ட பாடு இருக்கே... அந்த ரூட்டுல ஒருநாள் உங்களைக் கூட்டிட்டுப் போறேன், வாங்க. வழியில ஒரு மோட்டார் காயில் கட்டுற கடை இருக்கு. யானைமலை இருக்கு. மேலூருக்கு அந்தாண்ட ஒரு கண்மாய்க்கரை மேடை இருக்கு. கடைசியில ஒரு கர்ச்சீப்பும் இருக்கு. அது என்னன்னு அப்புறம் சொல்றேன்.

ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் கனவு

நான் மூணாவது வருஷம் ட்ரிப்பிள் ஈ. வீடு செல்லூர். எங்க தெருவுல இன்னும் நாலஞ்சு வீட்டுல தறிச்சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் என் எலெக்ட்ரிக் கிடார் வந்து இறங்குச்சு. காலேஜ் முடிச்சு பெங்களூரு கிளம்பின சீனியர் ஒருத்தர், ‘ஐயாயிரத்து ஐந்நூறு குடுடா தம்பி, கூட ஒரு சின்ன ஆம்பும் தர்றேன்’னார். ரெண்டு செமஸ்டர் டியூஷன் எடுத்த காசு. அம்மாகிட்ட ‘ப்ராஜெக்ட்டுக்கு’னு சொன்னேன். (அது பொய் இல்லைன்னு பின்னாடி உங்களுக்கே புரியும்!)

கிடாரோட பிராண்ட் எதுக்கு? பாவம், பிழைச்சுப்போகட்டும். மூணு பிக்கப், அஞ்சு நிலை சுவிட்ச், ஒரு வால்யூம், ரெண்டு டோன். 1954-ல அமெரிக்காவுல லியோ ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரோட நூத்தியெட்டாவது சித்தப்பா பையன்னு வெச்சுக்கங்க. உலகத்துல விலை குறைஞ்ச எலெக்ட்ரிக் கிடார்ல பாதிக்குப் பாதி இந்த ஜாடைதான்.

முதல் நாள் ராத்திரி ஆம்பைப் போட்டேன். கம்பியைத் தொடவே இல்லை. அதுக்குள்ள ஒரு சத்தம். ‘ங்ங்ங்ங்ங்ங்...’

தேனீக் கூட்டை டப்பாவுல அடைச்ச மாதிரி. கம்பியைத் தொட்டாலும் குறையலை. கிழக்குப் பக்கம் திரும்பி உட்கார்ந்தா கொஞ்சம் கம்மி, தெற்கே திரும்பினா ஜாஸ்தி. ஃபேன் ரெகுலேட்டரை ரெண்டுல வெச்சா கூடவே ‘ஸ்ஸ்ஸ்’னு ஒரு கோரஸ். பாட்டி எட்டிப் பார்த்து, ‘ஏன்டா, இதுக்கு வாஸ்து பார்த்தா வாங்குன?’ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு.

இன்னொரு வியாதியும் இருந்துச்சு. நடு பிக்கப் சுத்தமா செத்துப்போச்சு. சுவிட்சை நடுவுல வெச்சா மயான அமைதி. கேட்ட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரே வைத்தியம்தான் சொன்னாங்க: ‘சீப் கிடார் மாப்ள. பிக்கப்பை மாத்து!’ விலை விசாரிச்சேன். நல்ல பிராண்ட்ல மூணு பிக்கப் செட்டு, என் கிடாரையே மறுபடி வாங்குற விலையைத் தாண்டி நின்னுச்சு. மாட்டை விட மணி விலை ஜாஸ்தி!

உள்ளே என்னதான் இருக்கு?

ஞாயித்துக்கிழமை. வாசல் திண்ணை. ஸ்க்ரூ டிரைவர். முன்பக்க வெள்ளைத் தகட்டைக் கழட்டித் திருப்பினேன். பாஸ், அங்கே கிடந்தது எங்க செகண்ட் இயர் புஸ்தகம்!

பிக்கப்னா பெரிய ரகசியம் எல்லாம் இல்லை. ஒரு காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி செப்புக் கம்பியில ஆயிரக்கணக்கான சுத்து. அவ்ளோதான். இரும்புக் கம்பி மேலே அதிரும்போது காந்தப் புலம் ஆடும். புலம் ஆடினா காயில்ல கரன்ட் பிறக்கும். 1831-ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே விஷயம். நம்ம தோட்டத்து மோட்டார், கரன்ட் குடுத்தா சுத்தும். பிக்கப் அதுக்குத் தலைகீழ். அசைவைக் குடுத்தா கரன்ட் தரும். அந்தத் துளியூண்டு கரன்ட்டைத்தான் ஆம்ப் பெருசாக்குது. 1931-வாக்குல ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல இப்படித்தான் முதல்ல ஒரு கிடார் செஞ்சாங்க. உருண்டைத் தலையும் நீளக் கையுமா இருந்ததால அதுக்குப் பேரே ‘ஃப்ரையிங் பேன்’. நம்மூர்ல பிறந்திருந்தா ‘தோசைக்கல்லு’னு வெச்சிருப்போம்.

சரி, இந்தக் காயிலுக்குக் கம்பி அதிர்வு எது, வீட்டு ஒயர்ல ஓடுற 50 ஹெர்ட்ஸ் எதுன்னு தெரியுமா? தெரியாது! ரெண்டையும் வாரிக் குடிக்கும். அதுதான் ‘ங்ங்ங்’. திரும்பி உட்கார்ந்தா குறையுறதுக்குக் காரணமும் அதுவே. காயில் எந்தத் திசையைப் பார்க்குதோ அதைப் பொறுத்து அது வாங்குற இரைச்சல் மாறும். பாட்டி சொன்ன வாஸ்து பாதி சரி!

இதுக்குத்தான் கிப்ஸன் கம்பெனியில செத் லவர்னு ஒரு இன்ஜினீயர் 1955-ல ஒரு வழி கண்டுபிடிச்சு பேட்டன்ட்டுக்கு எழுதிப் போட்டார். ரெண்டு காயிலைப் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். ஒண்ணைத் தலைகீழாச் சுத்தணும், அதோட காந்தத்தையும் திருப்பி வைக்கணும். வெளி இரைச்சல் ரெண்டுலயும் எதிரெதிரா வந்து ஒண்ணையொண்ணு தின்னுடும். கம்பியோட சத்தம் மட்டும் ஒண்ணாச் சேரும். அதுதான் ‘ஹம்பக்கர்’. நம்ம கிடார்ல அது கிடையாது; மூணும் ஒத்தைக் காயில்.

ஆனா திண்ணையில உட்கார்ந்து பார்த்ததுல இன்னும் மூணு விஷயம் சிக்குச்சு. ஒண்ணு, கம்பிகளை எர்த்தோட சேர்க்கிற கறுப்பு ஒயர் விட்டுப்போய் அந்தரத்துல தொங்குச்சு. அதனாலதான் கம்பியைத் தொட்டும் இரைச்சல் குறையலை. ரெண்டு, மரக்குழிக்குள்ள எந்தக் கவசமும் இல்லை, வெறும் மரம். மூணு, மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா ரெண்டு பிக்கப் 6 கிலோ ஓம் கிட்டக் காட்டுது. நடுவுல இருக்கிறது ஒண்ணுமே காட்டலை. காயில் எங்கேயோ அறுந்திருக்கு.

அறுந்த காயிலைக் கட்ட மதுரையில ஆளா இல்லை?

சிம்மக்கல் சந்துல ஒரு டாக்டர்

செல்லூர்ல இருந்து வைகையைத் தாண்டினா சிம்மக்கல். (தாண்ட பாலம் இருக்கு. தண்ணி எப்பவாச்சும்தான் இருக்கும்!) அந்தப் பக்கத்துச் சந்து ஒண்ணுக்குள்ள போனா, வார்னிஷ் வாசம் உங்க மூக்கைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும். மோட்டார் காயில் கட்டுற கடை. வாசல்ல போர்வெல் மோட்டார்கள் வரிசையாப் படுத்திருக்கு, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. ஒவ்வொண்ணு மேலயும் சாக்பீஸ்ல ஊர்ப் பேரு: வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி, கொட்டாம்பட்டி.

மதுரையைச் சுத்தி இருக்கிற பூமியை இந்த வாசல்லயே படிச்சுடலாம். வாய்க்கால் பாசனம் உள்ள ஊருக்கு, 1895-ல கட்டி முடிச்ச பெரியாறு அணை மலைக்கு அந்தாண்டைத் தண்ணியை இந்தாண்ட திருப்பி விடுது. வாய்க்கால் எட்டாத ஊரும், கடைமடையும் மோட்டாரை நம்பித்தான். மோட்டார் எரிஞ்சா ஓரத்து வாழையும் கடலையும் காத்திருக்காது. அதனால இங்கே வர்ற ஒவ்வொருத்தர் முகத்துலயும், ஐ.சி.யூ. வாசல்ல நிக்கிற ஒரு பதற்றம் இருக்கும்.

அவங்களுக்கு நடுவுல நான், சட்டைப் பைக்குள்ள ஒரு பிக்கப்போட!

‘என்னப்பா இது, டைனமோவா?’ன்னாரு கடைக்கார அண்ணன். அம்பது வயசு இருக்கும். விரல் எல்லாம் வார்னிஷ் கறை.

‘கிடார் காயில்ணே.’

‘கேஜ் என்ன?’

‘46 இருக்கும்ணே. ஏழெட்டாயிரம் சுத்து.’ (அமெரிக்கக் கணக்குல இது 42. நம்ம கடைகள்ல சொல்ற கணக்குல கிட்டத்தட்ட 46. தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல பதினாறுல ஒரு பங்கு.)

அண்ணன் சிரிச்சாரு. ‘46-ஆ? அது தலைமுடிப்பா! அதை எடுத்துக் கட்ட எனக்குக் கண்ணும் இல்ல, பொறுமையும் இல்ல.’ முகம் வாடினதைப் பார்த்திருப்பாரு போல. ‘இங்கிட்டுக் குடு, பைய’ன்னு வாங்கி, டியூப்லைட்டுக்கு நேரே பிடிச்சு, கண்ணாடிக்கு மேல ஒரு பூதக்கண்ணாடியையும் வெச்சுப் பார்த்தாரு.

அதுக்குள்ள நான் மனசுல ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சுத்துக்குச் சராசரி 15 சென்டிமீட்டர். எட்டாயிரம் சுத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல வருது. ஸ்டேஷன்ல இருந்து மீனாட்சி கோயிலுக்கு நடந்தீங்கள்ல? கிட்டத்தட்ட அந்தத் தூரம் கம்பி என் சட்டைப் பைக்குள்ள! அதுல எங்கே அறுந்திருக்குன்னு எப்படித் தேடுறது?

‘நடுவுல அறாது தம்பி’ன்னாரு அண்ணன். ‘எந்தக் காயிலும் முக்காவாசி நுனியிலதான் அறும். மெல்லிசுக் கம்பி, தடிச்ச ஒயரோட சேர்ற இடம் இருக்குல்ல... அங்கிட்டுத்தான் இழுவை. மோட்டாரும் அப்படித்தான். குடும்பமும் அப்படித்தான்.’

சொன்ன மாதிரியே வெளிநுனிதான் விட்டுப்போயிருந்துச்சு. ஊசி முனையால ஒரே ஒரு சுத்தைப் பிரிச்சாரு. கம்பி மேல இருக்கிற எனாமலைச் சுரண்டினா கம்பியே போயிடும்னு, சூடான சால்ட்ரிங் நுனியை ஈயத்தோட வெச்சு லேசா உருக்கினாரு. பூச்சு கருகிப் போச்சு, ஈயம் பிடிச்சுக்கிச்சு. மீட்டரை வெச்சேன். 5.9 கிலோ ஓம்! செத்த பிக்கப்புக்கு உயிர் வந்துருச்சு.

‘எவ்ளோண்ணே?’

‘ஒரு டீ சொல்லு. உனக்கும் சேர்த்து.’

தலைகீழாச் சுத்துற மோட்டார்

வீட்டுக்கு வந்து மாட்டினேன். மூணும் தனித்தனியா நல்லாப் பாடுது. ஆனா, சுவிட்ச்ல ரெண்டாவது நிலையும் நாலாவது நிலையும் வெச்சா (அங்கேதான் ரெண்டு பிக்கப் ஒண்ணாச் சேரும்), சத்தம் மெலிஞ்சு, சளி பிடிச்ச பழைய டிரான்சிஸ்டர் மாதிரி கேட்குது. ஒண்ணும் ஒண்ணும் சேர்ந்தா ரெண்டாகணும்ல? இங்கே அரையாயிடுச்சு.

மறுபடி சிம்மக்கல். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. ‘மூணு ஃபேஸ் மோட்டார்ல ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்தா என்னப்பா ஆகும்?’

‘தலைகீழாச் சுத்தும்ணே.’

‘அப்ப உன் காயில்ல ரெண்டு ஒயரையும் யாரு மாத்திக் குடுத்தது?’

நான்தான்! திரும்ப மாட்டும்போது வெள்ளையையும் கறுப்பையும் மாத்தி வெச்சுட்டேன். ஒண்ணு மேலே போகும்போது இன்னொண்ணு கீழே போகுது, ரெண்டும் அடிச்சுக்கிட்டுச் சாகுது. மாத்தி வெச்சதும் சத்தம் தெளிஞ்சுது. மூணு வருஷமா ‘ஃபேஸ்’னு நோட்டுல எழுதிட்டு இருந்த விஷயத்தை அன்னிக்குத்தான் பாஸ் காதால கேட்டேன்.

அப்புறம் என்ன, கை சும்மா இருக்குமா? விட்டுப்போன கறுப்பு ஒயரைக் கம்பிகளைப் பிடிச்சு வைக்கிற இரும்புல பத்த வெச்சேன். மளிகைக் கடையில சமையல் அலுமினியத் தாள் வாங்கி, மரக்குழி முழுக்க ஒட்டினேன். அலுமினியத்துல ஈயம் லேசுல பிடிக்காது, அதனால ஒரு ஸ்க்ரூ போட்டு எர்த் ஒயரை இறுக்கினேன். ‘ஸ்ஸ்ஸ்’ நின்னுபோச்சு. ‘ங்ங்ங்’ காவாசிதான் மிச்சம். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் காதைக் கிழிக்கும். காரணம், இந்த ஜாதி கிடார்ல பழைய வழக்கப்படி அதுக்கு மட்டும் டோன் கன்ட்ரோல் கொடுக்க மாட்டாங்க. சுவிட்ச்சோட ரெண்டு காலுக்கு நடுவுல அரை விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர் போட்டேன். இப்போ அதுவும் டோனுக்குக் கட்டுப்பட்டது. மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள்ள!

நேர்மையாச் சொல்லணும்னா, என் கிடார் ஒண்ணும் லட்ச ரூபாய் கிடார் ஆயிடலை. விலை ஜாஸ்தியான பிக்கப்ல அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ‘ஆல்நிக்கோ’ காந்தம் இருக்கும். என்னுதுல கறுப்புக் கலர் செராமிக் பட்டைதான். அதுல வர்ற சத்தம் கொஞ்சம் முரட்டுத்தனமா, கண்ணாடியா இருக்கும். ஆனா கழுத்துப் பக்கத்து பிக்கப் இருக்கே... டோனைப் பாதி குறைச்சுட்டு மெதுவா மீட்டினா, மாசி வீதியில ராத்திரி பத்து மணிக்கு மேல நடக்குற மாதிரி ஒரு சுகம்!

ஒத்தக்கடை தாண்டி...

இப்பதான் மேட்டருக்கு வர்றேன். எங்க சீனியர் செட்டு ஒரு மெல்லிசைக் குழுவுல வாசிப்பாங்க. பங்குனி வந்தா இந்தப் பக்கத்து ஊர்கள்ல பொங்கல் திருவிழா. ஒரு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். மறு ராத்திரி பாட்டுக் கச்சேரி. ‘ரிதம் கிடாருக்கு ஆள் வரலை, வர்றியாடா?’ன்னு போன். வராம? அம்மாகிட்ட இந்த முறை ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’!

மாட்டுத்தாவணியில இருந்து மேலூர் பஸ். ஜன்னல் ஓரம், மடியில கிடார். ஒத்தக்கடை வந்ததும் இடது பக்கம் பாருங்க. பேருக்கு ஏத்த மாதிரி யானைமலை. துதிக்கையை முன்னாடி நீட்டிப் படுத்திருக்கும். அடிவாரத்துல நரசிங்கம், எட்டாம் நூத்தாண்டு குடைவரைக் கோயில். அதைத் தாண்டினா ரெண்டு பக்கமும் வயல், நடுநடுவே பாறைக் குன்று. மேலூர்ல இறங்கி, டீ குடிச்சு, இன்னொரு மினி பஸ். பேரைக் கேட்காதீங்க, சின்ன ஊரு. ஒரு கண்மாய், கரையில ஒரு ஆலமரம், அய்யனார், மேடை.

தென்மாவட்டத்துக் கிராம மேடைக்கு ஒரு மரியாதை உண்டு பாஸ். பண்ணைப்புரத்துல இருந்து கிளம்பின இளையராஜா, அண்ணன் தம்பிகளோட ‘பாவலர் பிரதர்ஸ்’ங்கிற பேர்ல ஊர் ஊராக் கச்சேரி பண்ணினது இப்படிப்பட்ட மேடைகள்லதான். சென்னைக்குப் போய் 1976-ல ‘அன்னக்கிளி’ வர்றதுக்கு முன்னாடி, மத்தவங்க இசையில கிடார் வாசிச்சுட்டு இருந்தவர் அவர். அதை நினைச்சுக்கிட்டே மேடையில ஏறினேன். நெஞ்சு ஒரு இன்ச் நிமிர்ந்துதான் இருந்துச்சு.

மேடைக்குப் பின்னாடி சீரியல் லைட்டு ஒயர் கொடிகொடியாத் தொங்குது. என் பிக்கப் அதைப் பார்த்ததும் பழையபடி ‘ங்ங்ங்’னு குஷியாயிடுச்சு. ஆம்புக்கு ஒயர் வந்தது பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா. மைக் செட்டுக்கு ஜெனரேட்டர். ஆம்போட மூணு பின் ப்ளக், அந்த வீட்டு ரெண்டு பின் போர்டுல நுழையலை. யாரோ ஒரு அடாப்டர் குடுத்தாங்க. சொருகினேன். கவனிச்சீங்களா? எர்த் பின் அங்கேயே காலி. ட்ரிப்பிள் ஈ மூணாவது வருஷம் கவனிக்கலை!

‘தம்பி, கோரஸ் மைக்கைச் செக் பண்ணு’ன்னாங்க. இடது கை கம்பி மேல. மைக்கிட்ட வாயைக் கொண்டுபோய் ‘ஹலோ...’

உதட்டுல சுரீர்னு ஒரு அடி. பல்லெல்லாம் கூசிப்போச்சு. ரெண்டடி பின்னாடி விழுந்துட்டேன்.

அந்தக் கர்ச்சீப்

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வெட்கத்துல. அப்பதான் பாட்டுப் பாடுற அக்கா சொன்னாங்க: ‘பயந்துட்டியா தம்பி? எனக்கு வாரத்துக்கு ஒருக்கா அடிக்கும். அதுக்குத்தான் இது.’

அவங்க கையில மைக். மைக்கைச் சுத்தி ஒரு கர்ச்சீப்.

பாஸ், சின்ன வயசுல இருந்து எத்தனை கச்சேரியில பார்த்திருப்போம்? மைக்குல கர்ச்சீப் சுத்திப் பாடுறதை. வியர்வைக்குன்னு நினைச்சேன், ஸ்டைலுன்னு நினைச்சேன். பலபேருக்கு அது வியர்வைக்காகவே இருக்கலாம். இந்த அக்காவுக்கு ஷாக்குக்கு! இருபது வருஷமா இந்த மேடைகள்ல பாடுறாங்களாம். மழை தூறுற ராத்திரியில ரெண்டு கர்ச்சீப் சுத்துவாங்களாம். கரன்ட் அடிக்கிறதும் தொழிலோட சேர்த்தினு எடுத்துக்கிட்டாங்க.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நான் திண்ணையில பெருமையாப் பத்த வெச்ச அந்தக் கறுப்பு ஒயர்! கம்பியை ஆம்போட உடம்போட சேர்க்குது. இரைச்சலைக் குறைக்குது. வாஸ்தவம். ஆனா ஆம்புக்கே எர்த் இல்லைன்னா? ஆம்போட உடம்புல கசியுற வோல்டேஜ் நேரா கம்பிக்கு வரும். கம்பி என் கையில. மைக் இன்னொரு லைன்ல இருந்து என் உதட்டுல. நடுவுல ஒயரா நிக்கிறது... நான்!

பையில இருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனை கிடார் கம்பியில, இன்னொரு முனை மைக்கோட வலையில. 90 வோல்ட். அது வெறும் கசிவு. சுரீர்னு அடிச்சு விட்டுருச்சு. அதே நேரம் ஆம்புக்குள்ள இன்சுலேஷன் ஏதாவது விட்டுப்போயிருந்தா, முழு 230-ம் இந்த வழியாத்தான் போயிருக்கும். 1972 மே 3-ம் தேதி, பிரிட்டன்ல ஸ்வான்சிங்கிற ஊர்ல, லெஸ் ஹார்வின்னு ஒரு கிடாரிஸ்ட் மேடையிலயே இறந்துபோனார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். அவருக்கு 27 வயசு. என் கையில இருந்த மீட்டர் கொஞ்சம் நடுங்குச்சு.

மைக் செட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘சின்னப் பையன் சொல்றான்’னு ஒதுக்குவாருன்னு பயம். அவர் மீட்டரைப் பார்த்தாரு, அக்கா கையில இருந்த கர்ச்சீப்பைப் பார்த்தாரு. ஒண்ணும் பேசலை. வேன்ல இருந்து ஒரு அஞ்சடி இரும்புக் கம்பியை எடுத்தாரு. கண்மாய்க்கரை ஈரத்துல சம்மட்டியால நாலடி இறக்கினாரு. ஒரு குடம் உப்புத் தண்ணி. ஜெனரேட்டர் உடம்புல இருந்தும், போர்டோட எர்த் பின்ல இருந்தும் தடிச்ச ஒயர் இழுத்து அதுல இறுக்கினாரு. வீட்டு லைனைப் பிடுங்கிட்டு, என் ஆம்பையும் அதே போர்டுல மூணு பின்னோட சொருகினாரு. எல்லாம் ஒரே லைன், ஒரே எர்த்.

திரும்ப மீட்டர். ஒரு வோல்ட்டுக்கும் கம்மி.

‘தெரியாம இல்லப்பா. அவசரத்துல விட்டுர்றது. அவசரம் தினமும் இருக்குல்ல...’ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு.

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்ச கச்சேரி, விடிய ரெண்டு மணி வரை. முதல் வரிசையில மண் தரையில படுத்துக்கிட்டே கேட்ட சின்னப் பசங்க, முளைப்பாரி வெச்சுட்டு வந்து உட்கார்ந்த ஆத்தாக்கள், கரையில பைக் மேல உட்கார்ந்த இளவட்டம். சீரியல் லைட்டு ஓரத்துல ‘ங்ங்ங்’ கொஞ்சம் இருந்துச்சுதான். மேடையில நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து, கண்மாயைப் பார்த்து நின்னா குறையுதுன்னு கண்டுபிடிச்சேன். கச்சேரி முழுக்கக் கூட்டத்துக்குப் பக்கவாட்டைக் காட்டித்தான் வாசிச்சேன். ‘புதுப் பையன் ஸ்டைலா நிக்கிறான்ல?’ன்னு ஒரு கமென்ட்டும் வந்துச்சு!

மூணாவது பாட்டு முடிஞ்சப்போ பார்த்தேன். அக்கா மைக்கைச் சுத்தின கர்ச்சீப்பை மெதுவா அவிழ்த்தாங்க. வெறும் விரலால ஒருதடவை தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம் அந்தக் கர்ச்சீப்பால முகத்தைத் துடைச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, நாலாவது பாட்டை ஆரம்பிச்சாங்க.

அடுத்த தடவை மதுரை வந்தா, இசைத்தூணைப் பாருங்க, ஜிகர்தண்டா குடிங்க. அப்படியே ஒரு பஸ் பிடிச்சு ஏதாவது ஒரு திருவிழாக் கச்சேரிக்கும் வாங்க பாஸ். பாடுறவங்க மைக்குல கர்ச்சீப் இருந்தா, ‘வியர்வையாக்கா... ஷாக்காக்கா?’ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

சீப் கிடார் வெச்சிருக்கிற மக்களே... ஒரு நிமிஷம்!

* ‘ங்ங்ங்’னா உடனே பிக்கப்பைத் திட்டாதீங்க. கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையலைன்னா, கம்பிக்குப் போற எர்த் ஒயரை முதல்ல பாருங்க.

* செத்த பிக்கப்பை மீட்டர்ல பாருங்க. ஒத்தைக் காயில் பெரும்பாலும் 5-லிருந்து 7 கிலோ ஓம் காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா அறுந்திருக்கு, நுனியில தேடுங்க.

* கழட்டுறதுக்கு முன்னாடி ஒயர் எங்கெங்கே போகுதுன்னு செல்போன்ல ஒரு போட்டோ. இது நான் பட்டுத் தெரிஞ்சது!

* ரெண்டு பிக்கப் சேர்ந்து சத்தம் மெலிஞ்சா, ஒண்ணோட ரெண்டு ஒயரையும் மாத்திப் போட்டுப் பாருங்க.

* இரைச்சல் குறையும்னு யாராவது ப்ளக்குல எர்த் பின்னை உடைக்கச் சொன்னா, அந்த ஃப்ரெண்ட்ஷிப்பை உடைச்சுடுங்க.

* மேடையில கிடார் ஆம்பும் மைக் செட்டும் ஒரே லைன்ல, ஒரே எர்த்துல இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர்ல கட் ஆகுற ஆர்.சி.சி.பி. ஒண்ணு போர்டுல இருந்தா இன்னும் நல்லது.

* மைக்கிட்ட வாயைக் கொண்டுபோறதுக்கு முன்னாடி, கிடார் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவுல மீட்டரை வைங்க. உதடு டெஸ்டர் இல்லை பாஸ்!